பிக்கப் பம்பருக்குப் பின்னால் எல்இடி பார்: வாட்டை விடுங்கள், கிளாம்பைப் பாருங்கள்

பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்த் தடுப்பான கிராஷ் கார்டு இருந்த காலத்தில் பிக்கப்புக்குக் கூடுதல் லைட் போடுவது பெரிய வேலையே இல்லை. குழாயில் இரண்டு கிளாம்ப், இரண்டு லைட், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கிராஷ் கார்டும் புல் பாரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரண், நடவடிக்கை எடுங்கள் என்று சொன்னது. அதோடு லைட் மாட்டும் குழாயும் போனது. கூரையில் மாட்டலாம் என்றால், வெளிச்சம் பானெட்டில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பி வரும். வேகம் எடுத்ததும் காற்று வேறு விசிலடிக்கும். மிச்சமிருக்கும் நல்ல இடம் பம்பரின் கீழ்த் திறப்புதான். வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி பிளாஸ்டிக் பம்பர் உள்ள வண்டிகளில், வலைக்குப் பின்னால், வரிசையாக எல்இடி பதித்த நீள லைட்டான 20 இன்ச் எல்இடி பார் ஒன்று அடக்கமாக உட்காரும். பகலில் பார்த்தால் இருப்பதே தெரியாது.

தெரியவில்லை என்பதால் சட்டத்திலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்புறத்தில் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக் கூடாது என்கிறது. 106-ஆம் விதி கண் கூசுவதற்கு அளவே கொடுத்திருக்கிறது: லைட்டிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஆளுக்குக் கூசக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் எஸ்டேட் ரோடு, தோட்டத்துப் பாதை, குவாரி, ஆள் நடமாட்டம் இல்லாத மண் ரோடு ஆகியவற்றுக்கானது. ஹைவேயில் எதிரே வண்டி வரும்போது இந்த லைட் எரியவே கூடாது. ஓட்டுபவர் ஞாபகம் வைத்து அணைக்கும்படி விடாமல், வயரிங்கே அணைக்கும்படி செய்வது எப்படி என்றும் கீழே வருகிறது.

முதலில் லைட்டைப் பற்றிச் சுருக்கமாக. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் எரியவிட்டு, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரைச் சுற்றி வைத்து ஆம்பியரைப் பாருங்கள். ஆம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கினால் வருவதுதான் உண்மையான வாட். 300 வாட் என்று எழுதிய பார் 6 ஆம்ப் கூட இழுக்கவில்லை என்றால் அது 75 வாட் பார்தான். அதுவே போதும் என்பது வேறு விஷயம்; வயரும் ஃபியூஸும் கணக்குப் போட உண்மையான எண் வேண்டும். இங்கே உண்மையில் 120 வாட் இழுக்கும் ஒரு பாரை வைத்துக் கணக்குச் சொல்கிறேன். என்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்ப். பழைய 55 வாட் ஹாலஜன் ஒரு ஜோடி இழுப்பதும் கிட்டத்தட்ட இதேதான், எனவே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு இது சுமையே இல்லை.

ஒளி எப்படிப் பரவுகிறது என்பது வாட்டைவிட முக்கியம். குறுகலான ஸ்பாட் நேர் ரோட்டுக்குத்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ வால்பாறை ஏறும் 40 வளைவிலோ ஸ்பாட் போட்டால், வளைவு திரும்பும் பக்கம் இருட்டாக இருக்கும், பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரியும். மலைக்கும் தோட்டத்துப் பாதைக்கும் அகலமாக விரியும் ஃப்ளட், அல்லது நடுவில் ஸ்பாட்டும் ஓரங்களில் ஃப்ளட்டும் உள்ள காம்போ எடுங்கள். பனிமூட்டத்துக்கு என்றால் பாரே வேண்டாம். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நிற்கும் ஃபாக் லைட் ஜோடி வேண்டும். மஞ்சள் நிறம் உதவுகிறது என்று பலர் சத்தியமே செய்வார்கள். ஆனால் பனியில் பெரும்பங்கு வேலை செய்வது ஒளி தாழ்வாக இருப்பதும், மேலே சிதறாமல் இருப்பதும்தான். மேல்நோக்கிச் சிதறும் வெள்ளை பாரை மஞ்சள் பாராக மாற்றினால், வெள்ளைச் சுவருக்குப் பதில் மஞ்சள் சுவர் தெரியும்.

இனி இடம். பம்பரைக் கழற்றாமல் அளவெடுத்து ஆன்லைனில் லைட் வாங்குவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. வெளியிலிருந்து திறப்பின் அகலமும் உயரமும் தெரியும், ஆழம் தெரியாது. பின்னால் கிராஷ் பீம் என்னும் இரும்புக் குறுக்குச்சட்டம் இருக்கும். அதற்குப் பின்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும். பம்பரின் பிளாஸ்டிக் தோலுக்கும் பீமுக்கும் நடுவே சில வண்டிகளில் தெர்மோகோல் மாதிரி ஒரு நுரைக்கட்டை இருக்கும். மெதுவாக மோதும்போது அடியைத் தாங்குவது அதுதான். லைட்டுக்கு இடம் வேண்டும் என்று அதை அறுக்கக் கூடாது. பார் உட்கார வேண்டியது பீமுக்குக் கீழே, காற்றுத் திறப்புக்கு நேரே.

காற்றை எவ்வளவு மறைக்கிறோம் என்று ஒரு கணக்குப் போடுங்கள். திறப்பு 800-க்கு 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசை எல்இடி உள்ள 20 இன்ச் பார் சுமார் 510-க்கு 75 மி.மீ. திறப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒற்றை வரிசை மெல்லிய பார் 40 மி.மீ. உயரம்தான், அது மறைப்பது 17 சதவீதம். லோடு ஏற்றி மலை ஏறும் பிக்கப்புக்கு இந்த வித்தியாசம் பெரிது. மணிக்கு 20 கிலோமீட்டரில் இரண்டாவது கியரில் ஏறும்போது எதிர்காற்று கிடையாது, ஃபேன் இழுப்பதுதான் காற்று. முதலில் ஏசி குளிர்ச்சி குறையும், பிறகு டெம்பரேச்சர் முள் நகரும். எனவே பம்பருக்குப் பின்னால் என்றால் ஒற்றை வரிசைதான் என் தேர்வு. இரண்டு வரிசையில் கிடைக்கும் கூடுதல் வெளிச்சம் அந்த உயரத்திலிருந்து பெரிதாகப் பயன்படுவதும் இல்லை. பாரின் முதுகுக்கும் கன்டென்சருக்கும் நடுவே குறைந்தது 40 மி.மீ. விடுங்கள். எல்இடி இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் வெளியேறுகிறது. பின்பக்க அலுமினியத் துடுப்புகளுக்குக் காற்று இல்லாவிட்டால், நல்ல பார் தானே மங்கிக்கொள்ளும், மட்டமான பார் கருகும்.

லென்ஸ் முகம் வலையிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும்? 25, 30 மி.மீ. சரியாக இருக்கும். அதற்கும் நெருக்கினால் பிளாஸ்டிக் தோல் அதிரும்போது லென்ஸில் உரசும். ரொம்ப உள்ளே தள்ளினால் பக்கவாட்டு ஒளியைப் பம்பரே வெட்டிவிடும். மேலே சொன்ன அளவில் பாரின் முனைக்கும் திறப்பின் ஓரத்துக்கும் நடுவே 145 மி.மீ. இருக்கும். லென்ஸ் 30 மி.மீ. உள்ளே இருந்தால் முனையிலிருந்து ஒளி பக்கத்துக்கு 78 டிகிரி வரை தடையில்லாமல் போகும். 150 மி.மீ. உள்ளே இருந்தால் 44 டிகிரியோடு நின்றுவிடும். 120 டிகிரி ஃப்ளட் என்று காசு கொடுத்து வாங்கியதில் இரண்டு ஓரமும் பம்பருக்குள்ளேயே எரியும். குறுக்கே பிளாஸ்டிக் பட்டை போகும் பம்பர்களில், பட்டை லென்ஸுக்கு நேராக வராதபடி உயரத்தை வையுங்கள். 15 மி.மீ. பட்டை 40 மி.மீ. லென்ஸின் நடுவில் வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் போச்சு. பட்டையின் உள்பக்கம் பளபளப்பாக இருந்தால் மேட் கறுப்பு ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒளி அதில் பட்டு மேலே சிதறும்.

பம்பரைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். மோதல் சென்சார்கள் ரேடியேட்டர் சட்டத்திலோ சேசிஸ் முனையிலோ இருக்கும், ஏர்பேக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறையில் வரும். அவற்றைத் தொட வேண்டாம், அவற்றின் போல்ட்டைக் கிளாம்புக்குக் கடன் வாங்கவும் வேண்டாம். ஃபெண்டர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பம்பர் முனை பெயின்ட்டைக் கீறும். மேல் வரிசை கிளிப், வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் ஸ்க்ரூ, அடிப்பக்க போல்ட் என்ற வரிசையில் போங்கள். பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனரும் ஒரு பிளாஸ்டிக் நெம்புகோலும் போதும். வெயிலில் நின்ற வண்டியில் கிளிப் இளகி உடையாமல் வரும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இழுத்தால் சில உடையும், உதிரி கிளிப் கையில் இருக்கட்டும். தோலை முழுதாக இழுப்பதற்கு முன் ஃபாக் லைட், பார்க்கிங் சென்சார் கனெக்டர்களைப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது கிளாம்ப். மொத்த வேலையில் நேரத்தையும் காசையும் போட வேண்டிய இடம் இது. லைட் பெட்டியோடு வரும் எல் கிளாம்ப் 2 அல்லது 3 மி.மீ. தகடு. அதை நீளமான ஒரு பட்டையில் தொங்கவிட்டால் மண் ரோட்டில் வெளிச்சம் நடுங்கும். கண்ணுக்கு அது அசதி, கிளாம்புக்கு அது சாவு. வளையும் இடத்தில் கோடு விழுந்து சில மாதங்களில் உடையும். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 3 மி.மீ. பட்டையை 5 மி.மீ. ஆக்கினால் விறைப்பு நாலரை மடங்கு. 150 மி.மீ. காலை 75 ஆகக் குறைத்தால் எட்டு மடங்கு. ஆகவே தடியான இரும்பைத் தேடுவதற்கு முன் காலைக் குட்டையாக்கும் வழியைத் தேடுங்கள்.

கிராஷ் பீமில் ஓட்டை போடாதீர்கள். அது அதிக வலுவுள்ள எஃகு, மோதலில் எந்த இடத்தில் எப்படி மடங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. ஓட்டை போட்டால் அந்த இடத்தில் மடங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். பம்பர் பிராக்கெட் போல்ட், டோ ஹூக் போல்ட், சேசிஸ் முனையில் கம்பெனியே விட்டிருக்கும் காலி ஓட்டைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். டோ ஹூக் போல்ட்டை எடுத்தால் அதே கிரேடில், பட்டையின் தடிமன் அளவுக்கு நீளம் கூடிய போல்ட் போட்டு, கம்பெனி சொன்ன இறுக்க அளவில் (டார்க்) இறுக்க வேண்டும். சகதியில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது அந்த ஹூக் தாங்குமா என்பது லைட்டைவிட முக்கியமான கேள்வி.

வெல்டிங் பட்டறையில் சொல்ல வேண்டியது இது: இரண்டு பக்கச் சேசிஸ் முனையிலிருந்து 40-க்கு 5 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளாட்டில் இரண்டு குட்டைக் கால். அவற்றை இணைக்க 25 மி.மீ. சதுரக் குழாய் ஒன்று, 2 மி.மீ. தடிமன், குழாயின் மேல் பாரின் இரண்டு முனைக் கிளாம்ப். 20 இன்ச்சுக்கு மேற்பட்ட பாருக்கு நடுவிலும் ஒரு தாங்கல் கட்டாயம். பாரின் முனைக் கிளாம்ப் ஒரே போல்ட்டில் பிடிப்பதால் தலையாட்டும். பின்பக்கத்தில் இருந்து மேலே பிடிக்கும் ஒரு சின்ன ஸ்டே கொடுத்தால் அது நின்றுவிடும். கிளாம்ப் ஓட்டைகளை வட்டமாக அல்லாமல் 8-க்கு 16 மி.மீ. நீள்துளையாக வெட்டச் சொல்லுங்கள். சாய்வும் நிமிர்வும் அதில்தான் சரிசெய்ய முடியும். வெல்டிங் முடிந்ததும் கசடைத் தட்டி, ஜிங்க் பிரைமர் இரண்டு கோட், பிறகு கறுப்பு பெயின்ட். குழாயின் திறந்த முனைகளை அடைக்காமல் விட்டால் சேறு உள்ளே தங்கி உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர் மூடி போட்டு, அடியில் 5 மி.மீ. வடிகால் ஓட்டை ஒன்று விடுங்கள்.

போல்ட் எம்8, 8.8 கிரேடு, அதிர்வில் தளராத நைலாக் நட். இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர் சுற்று. லைட்டோடு வரும் எம்6 போல்ட்டுக்கு 10 போதும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினிய உடலில் நேராக முறுக்கினால் மழைத்தண்ணீரில் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும், ஒரு வருடம் கழித்துக் கழற்றும்போது மரையோடு வரும். மரையில் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவி, நைலான் வாஷர் ஒன்று வையுங்கள். பம்பரை மாட்டும் முன் பாரைக் கையால் பிடித்து உலுக்கிப் பாருங்கள். வண்டியே அசைய வேண்டும், பார் மட்டும் தனியாக அசையக் கூடாது.

வயரிங். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15, 20 செ.மீ.க்குள் ஃபியூஸ். ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. ஃபியூஸுக்கு முந்திய வயர் எங்காவது உரசி சேசிஸைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை, தீதான். 9 ஆம்புக்கு 15 ஆம்ப் ஃபியூஸ். அது போனால் காரணத்தைத் தேடுங்கள். 30 போடுவது காரணத்தை மறைக்கும் வேலை. வயர் 2.5 சதுர மி.மீ. ஆட்டோ கேபிள். போக 3 மீட்டர், எர்த்துக்கு 1 மீட்டர் என்றால் 9 ஆம்பில் கால் வோல்ட் நஷ்டம். இதையே 1 சதுர மி.மீ. வயரில் செய்தால் 0.6 வோல்ட்டுக்கு மேல். பாருக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் சர்க்யூட்டான எல்இடி டிரைவர், வோல்ட் குறைந்தால் ஆம்பியரை ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தைக் காப்பாற்றும், சூடு வயருக்குப் போகும். ஹாலஜனில் கதை வேறு: வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். வீட்டு வயர் மிச்சம் இருக்கிறது என்று போட வேண்டாம். அதன் உறை சாதாரணமாக 70 டிகிரிக்குச் செய்தது, என்ஜின் அறை சூட்டுக்கும் டீசல் படும் இடத்துக்கும் அது இல்லை.

சின்ன சிக்னலை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே 12 வோல்ட், 30/40 ஆம்ப், நாலு கால் உள்ளது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு எண் உண்டு. 30-இல் ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி வயர், 87-இல் லைட்டுக்குப் போகும் வயர், 86-இல் சுவிட்சிலிருந்து வரும் சிக்னல், 85-இல் எர்த். ஐந்து கால் ரிலே வாங்கிவிட்டால் 87ஏ-யைத் தொடாமல் விடுங்கள், அதில் மாட்டினால் ரிலே அணைந்திருக்கும்போது லைட் எரியும். காயிலின் குறுக்கே டையோடு உள்ள ரிலே என்றால் 85, 86 மாறக் கூடாது. மாறினால் டையோடு நேராக ஷார்ட் ஆகும். ரிலேயைக் கால் கீழ்நோக்கி இருக்கும்படி, டர்போவுக்கு எதிர்ப்பக்க ஃபெண்டர் சுவரில் மாட்டுங்கள்.

சிக்னலை எங்கே எடுப்பது? பிரைட் வயரிலிருந்துதான், வேறெங்கும் வேண்டாம். பிரைட் போட்டால் மட்டும் பார் எரியும். எதிரே வண்டி வந்து டிம் அடித்ததும் பாரும் சேர்ந்து அணையும். நடுவே டேஷ்போர்டு சுவிட்ச் ஒன்று இருந்தால் ஊருக்குள்ளும் ஹைவேயிலும் அதை ஆஃப் செய்து வைக்கலாம். தனி சுவிட்ச் மட்டும் போட்ட பல வண்டிகள்தான் எதிரே வருபவரின் கண்ணைப் பிடுங்குகின்றன. அணைக்கக் கூடாது என்ற எண்ணத்தால் அல்ல, ஒரு கையால் இரண்டு சுவிட்சைத் தட்ட நேரம் இல்லாததால்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில், குறிப்பாக டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் இருக்கும் எச்4 பல்பு உள்ள பழைய மாடல்களில், ஹெட்லைட் நெகட்டிவ் பக்கத்தில் சுவிட்ச் ஆகும். பல்பின் பொதுக் காலுக்கு 12 வோல்ட் வந்து நிற்கும். டிம்மா பிரைட்டா என்பதை எர்த் கொடுத்துத் தீர்மானிக்கும். இது தெரியாமல் பிரைட் காலை 86-இலும் சேசிஸை 85-இலும் கொடுத்தால் வேடிக்கையாக இருக்கும்: டிம்மில் பார் எரியும், பிரைட் போட்டதும் அணையும். காரணம், டிம்மில் இருக்கும்போது பிரைட் இழை வழியாக அந்தக் காலில் 12 வோல்ட் வந்து நிற்கிறது. பிரைட் போட்டதும் அது எர்த் ஆகிவிடுகிறது. லைட்டையும் ரிலேயையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாள் போகும்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் வைத்து, பல்பு சாக்கெட்டில் இருக்கும்போதே மூன்று காலையும் பின்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள். பிரைட் போட்டதும் பிரைட் காலில் 12 வோல்ட் வந்தால் பாசிட்டிவ் சுவிட்ச், வழக்கமான இணைப்பு. பிரைட் போட்டதும் அந்தக் கால் பூஜ்யத்துக்கு இறங்கினால் நெகட்டிவ் சுவிட்ச். அப்போது பொதுக் காலை 86-க்கும் பிரைட் காலை 85-க்கும் கொடுங்கள், சேசிஸ் எர்த் வேண்டாம். கம்பெனி எல்இடி ஹெட்லைட் உள்ள வண்டிகளில் சிக்னல் துடிப்பாக வரலாம்; ரிலே டிக்டிக்கென்று அடித்தால் அதுதான். அந்த மாதிரி வண்டியில் குத்துமதிப்பாக வயரை வெட்ட வேண்டாம், அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிக்னல் வயருக்கும் 3 ஆம்பில் ஒரு குட்டி ஃபியூஸ் போடுங்கள், ஹெட்லைட்டில் இருந்து பிரியும் இடத்திலேயே. ரிலே காயில் இழுப்பது 0.2 ஆம்ப் கூட இல்லை. ஆனால் அந்தச் சிக்னல் வயர் எங்காவது ஷார்ட் ஆனால், ஃபியூஸ் இல்லாத வண்டியில் போவது ஹெட்லைட் ஃபியூஸ். மலை இறக்கத்தில் மொத்தமும் இருட்டாகும். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் டாப் கிளிப்பைத் தவிர்த்துவிடுங்கள். இழைகளை வெட்டுகிறது, தண்ணீரையும் உள்ளே விடுகிறது. எச்4-க்கு ஆண்-பெண் எக்ஸ்டென்ஷன் சாக்கெட் கிடைக்கிறது. நடுவில் அதைச் செருகி அதன் வயரில் பிரித்தால் கம்பெனி வயரைத் தொடவே வேண்டாம்.

எர்த்தைக் கிளாம்பில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பிறகு ‘லைட் மினுக்குகிறது’ என்று வருகிறார்கள். பெயின்ட் அடித்த கிளாம்ப், பெயின்ட் அடித்த சேசிஸ், நடுவில் நைலான் வாஷர். கரண்ட் எப்படித் திரும்பும்? கம்பெனி எர்த் போல்ட்டுக்குத் தனி வயர் இழுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் கறுப்பாகச் சின்ன சென்சார் பெட்டி இருந்தால், எர்த்தை அந்த முனையில் நேராக மாட்டாமல் சேசிஸ் பக்கம் மாட்டுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் கணக்கில் வராமலே 9 ஆம்ப் வெளியே போகும், பேட்டரி நிலவரம் தப்பாகக் காட்டும். எல்லாம் எரியும்போது லைட்டின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது, 0.3 காட்டினால் வயர் முனையில் மாட்டிய ஏதோ ஒரு லக் (உலோக முனை) சரியில்லை.

லக்கைக் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்க வேண்டாம். ஈயம் வைத்தால் இன்னும் பலம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பி மாதிரி விறைக்க வைக்கும், அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் ஒடியும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதன் மேல் வரிவரியான பிளாஸ்டிக் குழாய், 20 செ.மீ.க்கு ஒரு டை. வயர் கனெக்டருக்குள் நுழையும் முன் சற்றுத் தொங்கி மேலே ஏறட்டும்; தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கேபினுக்குள் போகும் சிக்னல் வயர் கம்பெனி ரப்பர் குரோமெட் வழியாகத்தான் போக வேண்டும், தகட்டில் புது ஓட்டை போட்டு வெறுமனே நுழைக்கக் கூடாது.

தண்ணீர் என்றதும், தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். வாட்டர் சர்வீஸ் கன்னின் அழுத்தத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. அதற்கு ஐபி 69கே என்று தனியாக உண்டு. லைட் உடல் தாங்கினாலும் கனெக்டர் தாங்காமல் போவதுதான் வழக்கம். சூடான பார் ஓடைத் தண்ணீரில் முங்கினால் உள்ளே காற்று சுருங்கி, இருக்கும் சின்ன இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஓடை இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பே அணைத்துவிடுங்கள். லென்ஸுக்குள் மெல்லிய ஆவி படிந்து, எரியவிட்ட கால் மணியில் மறைந்தால் கவலை இல்லை, மூச்சுத்துளை வேலை செய்கிறது. துளியாக உருண்டு அடியில் தேங்கினால் சீல் போய்விட்டது. வாரன்டி இருக்கும்போதே மாற்றுங்கள், சிலிக்கான் பூசினால் மூச்சுத்துளையும் அடைபட்டுப் போகும்.

பார் போட்டதும் எஃப்எம் இரைந்தால் அது எல்இடி டிரைவர் சர்க்யூட்டின் குப்பைச் சத்தம். வயரை ஆன்டெனா கேபிளை விட்டுத் தள்ளி, இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, பார் பக்கத்தில் ஃபெரைட் வளையம் போட்டால் பெரும்பாலும் குறையும்.

கடைசியாகச் சாய்வு. இதைத்தான் முக்கால்வாசிப் பேர் காலி வண்டியில் செய்துவிட்டுப் போகிறார்கள். சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுபவர் சீட்டில் இருக்கட்டும். பாரின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒளியின் பிரகாசமான நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். பம்பர் உயரத்தில், அதாவது 55, 60 செ.மீ.யில் இருக்கும் லைட்டுக்கு ஒரு லாபம் உண்டு: ஒளி தரையோடு தரையாகப் போவதால் ஒவ்வொரு குழியும் நீளமான நிழல் காட்டும், ரோட்டை வாசிக்க எளிது. அதே காரணத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கீழே சாய்த்தாலும் வண்டிக்கு முன்னால் பளிச்சென்று ஒரு பாய் விரித்தது போல ஆகிவிடும். கண் அதற்குப் பழகி, தூரம் இருட்டாகத் தெரியும்.

இனி லோடு. வி-கிராஸின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம், 3,095 மி.மீ., ஹைலக்ஸுக்கு 3,085. சரக்கு ஏற்றியதும் பின்பக்கம் 60 மி.மீ. இறங்கினால், மூக்கு ஏறக்குறைய 2 சதவீதம் நிமிர்கிறது. 10 மீட்டரில் 20 செ.மீ. மேலே, 50 மீட்டரில் ஒரு மீட்டர் மேலே. காலியில் ஒழுங்காக வைத்த லைட் லோடில் எதிரே வருபவரின் நெற்றியில் அடிக்கும். கம்பெனி ஹெட்லைட்டுக்கு உயரம் மாற்றும் திருகு டேஷ்போர்டில் இருக்கலாம், நம் பாருக்கு அது கிடையாது. அடிக்கடி ஏற்றும் லோடு எவ்வளவோ அதை ஏற்றி வைத்து அதில் சாய்வை வையுங்கள். காலியில் கொஞ்சம் தாழ்வாக இருக்கும், பரவாயில்லை.

பம்பரைத் திரும்ப மாட்டும் முன் எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள். மாட்டிய பின் பார்க்கிங் சென்சார் சும்மா கத்தினால், கிளாம்பின் முனையோ குழாயோ சென்சார் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பெயின்ட் அமுங்கிப் பிடிப்பு தளர்ந்திருக்கும். இறுக்கிய பின் நட்டும் கிளாம்பும் சேரும் இடத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை ஸ்பேனர் எடுக்காமலே நகர்ந்ததா இல்லையா என்று வலை வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.